ஆறாம் நம்பர் ஷூ

ஆகஸ்ட் 4, திங்கள்

8 கி.மீ. 54 நிமிடம். வலது முழங்கால் பரவாயில்லை.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள். காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. பாலத்தின் நடைபாதையில் நின்று தண்ணீரைப் பார்க்கிற கூட்டத்துக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட வேண்டியிருந்தது. நேரம் கூடியதற்கு அதுதான் காரணம்.

பூங்கோதை இன்று நிற்காமல் மூன்று கிலோமீட்டர் ஓடினாள். மே மாதம் இவளுக்குச் சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நடைக்குக் கூட்டிப்போனதே நான்தான். பன்னிரண்டு வருடமாக ஓடுகிற புருஷன் வீட்டிலேயே இருக்கும்போது வேறு யாரைக் கேட்க வேண்டும்? இப்போது நடை போதவில்லையாம். மகள் இனியா பள்ளிக்கூடத்தில் போட்ட வெள்ளை கான்வாஸ் ஷூவைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

நல்ல விஷயம்தான். உடம்புக்கு நல்லது.

பாலம் இறங்கியதும் சிந்தாமணியில் சேவியர் சார் எதிரே வந்தார். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஞாயிறு ஓட்டக் குழுவை நடத்துகிறவர். "சிஸ்டர் ஓடுறதப் பாத்தீங்களா கணபதி? கால் தரையில படுறதே தெரியல" என்றார். என்னிடம் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

மோட்டார் வால்வு ஒழுகுகிறது. பிளம்பருக்குச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

12 கி.மீ. குழுவோடு.

கோதையும் வந்தாள். ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். புதிதாக வருகிறவர்களுக்குக் கை தட்டுவது வழக்கம். எனக்கும் 2013-இல் தட்டினார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

12 கி.மீ. 1 மணி 22.

ஓட்டம் முடிந்ததும் புதிய ஆட்கள் ஏழு பேருக்கு ஷூ வாங்குவது பற்றி நான் பேச வேண்டும் என்று சேவியர் சார் கேட்டுக்கொண்டார். இந்த விஷயத்தில் குழுவில் என்னை மிஞ்ச ஆளில்லை. கால் மணி நேரம் பேசினேன். காலையில் போய் வாங்காதீர்கள். நாள் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போங்கள். ஓடும்போது போடுகிற அதே சாக்ஸைக் கொண்டுபோங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது, பெரிய காலுக்கு எடுங்கள். கடைக்குள்ளேயே நாலு தடவை ஓடிப் பாருங்கள். போடப் போட இளகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்; முதல் நாள் கடிக்கிற ஷூ கடைசி நாள் வரை கடிக்கும். நிறத்தைப் பார்த்து வாங்குகிறவன் ஓட மாட்டான்.

சிரித்தார்கள். ஒரு பெண் செல்போனில் குறித்துக்கொண்டாள்.

கோதை பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டியில் திரும்பி வரும்போது, "எனக்கும் ஒண்ணு பாத்து வாங்கித் தாங்களேன். நீங்க சொன்ன மாதிரி" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

10 கி.மீ. 66 நிமிடம் 40 நொடி.

கோதைக்கும் இன்று பத்து. முதல் தடவை. 65 நிமிடம் 10 நொடி என்கிறார்கள். அந்தக் கான்வாஸ் ஷூவில்.

எனக்கு நேற்று இரவுப் பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை. மாம்பழச் சாலையில் லேஸ் வேறு அவிழ்ந்தது. நின்று கட்டியதில் ஒரு நிமிடமாவது போயிருக்கும்.

குழுவின் வாட்ஸாப்பில் அவள் படத்தைப் போட்டிருக்கிறார்கள். நான் பார்த்தபோது முப்பத்தெட்டுப் பேர் பாராட்டி எழுதியிருந்தார்கள். நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். படத்தின் ஓரத்தில் என் முழங்கை தெரிகிறது.

இனியா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். அரை மணி நேரம் அம்மாவோடு பேசினாள். பிறகு போன் என்னிடம் வந்தது. "அப்பா, அம்மா செம இல்ல?" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மைத்துனர் முத்துக்கருப்பன் முசிறியிலிருந்து பேசினார். படம் அவருக்கும் போயிருக்கிறது. "மாப்ள, பழைய ஆள் திரும்ப வந்துருச்சே! பத்தாவதுல எண்ணூறு மீட்டர்ல டிஸ்ட்ரிக்ட் ரெண்டாவதுல்ல அது" என்றார்.

கோதையிடம் கேட்டேன், இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று.

"சொன்னேனே. கல்யாணம் ஆன புதுசுல. நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க."

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய பேப்பரைப் பற்றி இப்போது என்ன பேசுவது. அலுவலகத்தில் தடுப்பணை வரைபடம் ஒன்று மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 30, சனி

கோதைக்கு ஷூ வாங்கியாயிற்று.

சாயங்காலம் போகலாம் என்றாள். சாயங்காலம் எனக்கு வண்டிக்கு ஆயில் மாற்றுகிற வேலை இருந்தது. அதனால் தில்லைநகர் கடைக்குக் காலை பத்தரைக்கே போய்விட்டோம். நாங்கள்தான் முதல் ஆட்கள். ரோஸ்லின் என்ற பெண் கவனித்தாள். கல்லூரியில் ஓடியவளாம். கோதையின் காலைப் பலகையில் வைத்து அளந்து, "அஞ்சரை மேடம். ஆனா ஓடுறதுக்கு ஆறு எடுத்துக்குங்க. ஓடும்போது கால் முன்னாடி தள்ளும்" என்று சாம்பல் நிறத்தில் தடித்த அடிப்பாகம் வைத்த ஒன்றைக் கொண்டுவந்தாள். பார்க்கவே பாரமாக இருந்தது.

நான் மேல்தட்டில் இருந்த நீல ஷூவைக் காட்டினேன். கையில் எடுத்தால் எடையே தெரியாது, அடி மெல்லியது. வேகமாக ஓடுகிறவர்கள் போடுவது. கோதை வேகமாக ஓடுகிறவள்தானே? நீலத்தில் ஐந்தரைதான் இருந்தது.

போட்டு நடந்து பார்த்துவிட்டு, "பெருவிரல் முட்டுதுங்க" என்றாள்.

ரோஸ்லினும், "சார், இது போட்டி அன்னிக்கு மட்டும் போடுறது. டெய்லி ஓடுறதுக்கு இது வேணாம். மேடம் இப்பத்தான ஆரம்பிச்சிருக்காங்க" என்றாள்.

"பன்னெண்டு வருசமா ஓடுறேம்மா" என்றேன். கோதையிடம், "போடப் போட இளகிடும்" என்றேன்.

கோதை ஸ்டூலில் உட்கார்ந்தபடி என்னைச் சற்று நேரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ரோஸ்லினிடம், "இதையே பேக் பண்ணிடுங்கம்மா" என்றாள்.

நீலம் அவளுக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

12 கி.மீ. 1 மணி 21. கோதை 1 மணி 18.

ஷூ எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவளே சொல்லிவிட்டாள்.

டிசம்பர் ஏழாம் தேதி நடக்கும் அரை மாரத்தானுக்குச் சேவியர் சார் பெயர் கொடுக்கச் சொன்னார். இருபத்தொரு கிலோமீட்டர். நான் கொடுத்தேன். எனக்கு ஐந்தாவது. கோதையும் கொடுத்தாள். அவசரப்படாதே என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

செப்டம்பர் 13, சனி

ஓய்வு நாள். ரேஷன் கடை. இட்லி அரிசி இல்லை என்றார்கள்.

பூக்காரம்மா, "ஓட்டக்கார அம்மா வீடு இதுதானே?" என்று பக்கத்து வீட்டில் கேட்டு, எங்களுக்கான பூவை அங்கேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்தத் தெருவில் பன்னிரண்டு வருடமாக ஓடுகிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

14 கி.மீ. கோதை ஐந்து நிமிடம் முன்னால்.

இவள் கால் நகத்துக்கு நெயில் பாலிஷ் பூச ஆரம்பித்திருக்கிறாள். அடர்ந்த மெரூன். தம்பி கல்யாணத்துக்குக்கூடப் பூசாதவள். காலையில் குளித்துவிட்டு வந்து, கதவை ஒருக்களித்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பூசுகிறாள். நான் உள்ளே போனதும் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

யாருக்காக என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. குழுவில் ஆண்கள் பதினெட்டுப் பேர். சேவியர் சாரைச் சேர்க்காமல்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டி, மிக்ஸி, என் ஸ்கேல் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கோதை, வாசலில் இருந்த இரண்டு ஜோடி ஷூவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். என்னுடையதற்குத்தான் முதலில் வைத்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

15 கி.மீ. 1 மணி 45. கோதை அரை நிமிடம்தான் முன்னால்.

மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். படி ஈரமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 12, ஞாயிறு

15 கி.மீ. 1 மணி 43 நிமிடம் 20 நொடி!

இந்த வருடத்தின் சிறந்த நேரம். பாலத்தின் நடுவிலேயே கோதையைத் தாண்டிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வந்து, தண்ணீர் குடித்து, உடம்பைத் தளர்த்தி முடித்த பிறகுதான் வந்தாள். நாலு நிமிடம் பின்னால். "நல்லா ஓடினீங்க" என்றாள். சேவியர் சார் என் முதுகில் தட்டினார்.

வரும் வழியில் ஜிலேபி வாங்கினேன். கோதை சாப்பிடவில்லை. சர்க்கரை. பிளாஸ்டிக் டப்பில் தண்ணீரும் ஐஸும் போட்டு அதில் வலது காலை வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தாள். பெரிய ஓட்டக்காரர்கள் எல்லாம் இப்படிச் செய்வதுண்டு.

அருமையான நாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

16 கி.மீ. இன்றும் நான்தான் முன்னால். நாளை தீபாவளி. இனியா வந்திருக்கிறாள். "அம்மா ஏன்ப்பா நொண்டுறாங்க?" என்று கேட்டாள். பலகாரம் செய்து நின்ற களைப்பு என்றேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

18 கி.மீ. 2 மணி 6.

மழையில் ஓடினோம். திரும்பி வரும்போது கோதை பாலத்தில் நின்றுகொண்டிருந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி வலது காலைத் தூக்கி வைத்திருந்தாள். என்ன என்று கையால் கேட்டேன். ஒன்றுமில்லை, போங்க என்பதுபோல் அவளும் கை காட்டினாள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. மீதி இரண்டு கிலோமீட்டர்தான், முடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வரலாம் என்று ஓடினேன்.

வண்டியை எடுப்பதற்குள் சேவியர் சார் அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவளை இறக்கிவிட்டுவிட்டு அதே ஆட்டோவில் போய்விட்டார்.

அக்டோபர் 27, திங்கள்

அலுவலகத்துக்கு லீவு. எலும்பு டாக்டர். ஸ்கேன்.

வலது பாதத்தில், இரண்டாவது விரலுக்கு மேலே போகிற எலும்பில் கீறல். அடிபட்டு வருவது இல்லையாம். திரும்பத் திரும்பத் தாங்க முடியாத அழுத்தம் விழுந்து வருவது. ஆறு வாரம் ஓடக் கூடாது, முழங்கால் வரை வருகிற பிளாஸ்டிக் பூட்ஸ் போட வேண்டும்.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. சாக்ஸைக் கழற்றியதும் நகங்களைப் பார்த்தார். நர்ஸிடம் சொல்லி மெரூன் சாயத்தைப் பஞ்சால் துடைக்கச் சொன்னார். கீழே இரண்டு பெருவிரல் நகமும் கறுப்பு. ஒன்று பாதி தூக்கிக்கொண்டு நின்றது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஒன்றரை மாசம் இருக்கும் டாக்டர்."

ஷூவைக் கேட்டார். நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உள்ளே கை விட்டுப் பார்த்தார், அடியை இரண்டாக மடக்கிப் பார்த்தார். "இதைப் போட்டுக்கிட்டா வாரத்துக்கு நாப்பது கிலோமீட்டர் ஓடுனீங்க? அளவும் பத்தல, அடியில மெத்தையும் இல்ல. யாரு உங்களுக்கு இத வாங்கிக் குடுத்தது?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நானேதான் டாக்டர். கலர் பிடிச்சிருந்துச்சு" என்றாள் கோதை.

அக்டோபர் 28, செவ்வாய்

ஓடவில்லை. மழை.

அக்டோபர் 29, புதன்

மழை இல்லை. ஓடவில்லை.

நவம்பர் 1, சனி

இந்த நோட்டை ஆகஸ்டிலிருந்து எடுத்துப் படித்தேன்.

ஆகஸ்ட் 30 அன்று நீலத்தில் ஐந்தரைதான் இருந்தது என்று எழுதியிருக்கிறேன். பொய். "ஆறு உள்ள இருக்கும் சார், பாத்துட்டு வர்றேன்" என்று ரோஸ்லின் எழுந்தாள். "வேணாம்மா, இதே போதும்" என்று நான்தான் அவளை உட்கார வைத்தேன். சாயங்காலம் ஆயில் மாற்றுகிற வேலையும் இல்லை. அன்று சாயங்காலம் முழுக்க நான் வீட்டில்தான் இருந்தேன்.

அவள் ஓடக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன். என்னைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவ்வளவுதான். காலில் சின்னதாக ஒரு தொந்தரவு, அதனால் என் பின்னால் ஓடி வருவாள், நான் திரும்பி வந்து தைரியம் சொல்வேன், எல்லாரும் பார்ப்பார்கள் என்று.

பன்னிரண்டு வருடமாக ஓடுகிறேன். யாரும் என்னைப் பார்த்துக் கால் தரையில் படவில்லை என்று சொன்னதில்லை. இது பொறாமைதான். பாலத்தில் அவள் கை காட்டினாளே, அது போங்க என்பது இல்லை. வாங்க என்றுதான் காட்டினாள். எனக்கு அப்போதே தெரியும்.

நவம்பர் 2, ஞாயிறு

சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். கோதை சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, இன்னொரு நாற்காலியில் பூட்ஸ் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்கினாள். நான் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபமாக இருந்தது.

"கோதை, அந்த ஷூ சின்னதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"ம்."

"தெரிஞ்சேதான் வாங்கினேன்."

"எனக்கும் தெரியும்."

திரும்பினேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பொண்ணு உள்ள போய் ஆறு எடுத்துட்டு வர்றேன்னு எந்திரிச்சப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். அப்பவே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா போட்டுக்கிட்ட?"

"வேற என்னங்க பண்ணச் சொல்றீங்க? கடையில நின்னு எனக்கு ஆறுதான் வேணும்னு சண்ட போட்டிருக்கலாம். வாங்கியும் குடுத்திருப்பீங்க. அதுக்கப்புறம் ஒரு நாள் உங்களுக்கு முழங்கால் வலிக்கும், இன்னிக்கு வேணாம்பீங்க. ஒரு நாள் ஆபீஸ்க்கு சீக்கிரம் போகணும், டிபன் ஆறு மணிக்கே வேணும்பீங்க. அப்படியே நின்னு போயிருக்கும்." கத்தியை வைத்துவிட்டுக் கூறு கட்டியதுபோல் பீன்ஸை ஒதுக்கினாள். "எங்கப்பா ஒரு நாளும் என்னை ஓடாதேன்னு சொன்னதில்ல. பத்தாவது முடிஞ்சதும் காலையில சைக்கிள எடுத்துட்டுத் தோட்டத்துக்குப் போக ஆரம்பிச்சாரு. அவ்ளோதான். கிரவுண்டு நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்துச்சு. அதோட முடிஞ்சு போச்சு. இந்தத் தடவ முடியக் கூடாதுன்னு நெனச்சேன். நகந்தான, போனா முளைக்கும்னு விட்டேன். எலும்பு போகும்னு யாரு கண்டா?"

தோசை கருகி வாடை வந்தது. அடுப்பை அணைத்தேன்.

"டாக்டர்கிட்ட ஏன் என்னைச் சொல்லல?"

"அந்தம்மாகிட்டச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போவுது? நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்." நிமிர்ந்தாள். "ஆறு நாள் ஆயிருக்கு."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கருகிய தோசையை எனக்கு வைத்துக்கொண்டு அவளுக்கு வேறு ஊற்றினேன். அதுவும் ஓரத்தில் கருகியது. அதையும் சாப்பிட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

6 கி.மீ. நேரம் பார்க்கவில்லை.

சேவியர் சாரைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். பாலத்தில் நிற்காமல் போனதையும். நான் சொல்லச் சொல்ல அவர் தலையைக் குனிந்துகொண்டே வந்தார். கடைசியில், "பாலத்துல நான் வந்தப்ப அவங்க அழுதுட்டிருந்தாங்க கணபதி. கால் வலின்னு சொன்னாங்க" என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 22, சனி

போட்டியில் ஓடப் போவதில்லை என்று கோதையிடம் சொன்னேன்.

"நீங்க ஓடலைன்னா எனக்கு எலும்பு சேந்துடுமா?" என்றாள். "பேர் குடுத்திருக்கீங்கள்ல? ஓடுங்க. சும்மா வீட்ல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்காதீங்க. எனக்கு அது வேற பாரம்."

துணி துவைத்துக் காயப்போட்டேன். மழை வந்து திரும்ப எடுத்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

21.1 கி.மீ. 2 மணி 31.

பதினேழாவது கிலோமீட்டரில், ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்புகிற இடத்தில் தண்ணீர் மேசை. கோதை அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், பூட்ஸ் காலை நீட்டியபடி. அவளேதான் கேட்டு அந்த வேலையை வாங்கியிருந்தாள். வருகிற ஒவ்வொருவருக்கும் டம்ளரை நீட்டி ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள். முன்பின் தெரியாத பையன் ஒருவன் நின்று, தண்ணீர் குடித்து, அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் புதிதாக ஓடினான். எனக்கு அந்தப் பையன் மேல்கூடப் பொறாமை வந்தது. அதை எழுதிவிடுகிறேன். போய்விட்டது என்று நினைத்தேன், போகவில்லை.

என் முறை வந்தது. டம்ளரைக் கொடுத்துவிட்டு, "தோள் ரெண்டும் காதுகிட்ட நிக்குது பாருங்க. இறக்கிவிட்டு ஓடுங்க" என்றாள்.

இறக்கினேன். மூச்சு சுலபமானது. பன்னிரண்டு வருடத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை. யாரும் நான் ஓடுவதை அப்படிப் பார்த்ததும் இல்லை போலிருக்கிறது.

முடித்ததும் கழுத்தில் மெடல் போட்டார்கள். அலமாரியில் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

பூட்ஸைக் கழற்றியாயிற்று. எலும்பு கூடிவிட்டது. மூன்று வாரம் நடை மட்டும். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம் என்று ஆரம்பிக்கலாம். "மொதல்ல ஒழுங்கா ஒரு ஷூ வாங்குங்க" என்றார் டாக்டர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு என்னைப் பார்த்ததுபோல்தான் இருந்தது.

ஜனவரி 3, சனி

சாயங்காலம் ஆறு மணிக்கு அதே கடை. கொண்டுபோய் விடச் சொன்னாள். வண்டியை நிறுத்திவிட்டு நானும் படியேறப் போனேன்.

"நீங்க இங்கயே இருங்க" என்றாள். கோபமாக இல்லை. பாலுக்கு டம்ளர் எடுத்துட்டு வாங்க என்பதுபோல்.

கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. ரோஸ்லின் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். பலகையில் இரண்டு காலையும் வைத்து அளந்தார்கள். கோதை ஏதோ சொல்லச் சொல்ல ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு வாசல் பக்கம் பார்த்தாள். நான் பக்கத்துக் கடையின் போர்டைப் படித்தேன். நாலு ஜோடி போட்டுக் கழற்றினாள். ஐந்தாவதைப் போட்டுக்கொண்டு கடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடினாள், புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி. திரும்ப ஓடி வந்தாள். ரோஸ்லின் குனிந்து பெருவிரல் பக்கம் அழுத்திப் பார்த்து, நிமிர்ந்து சிரித்தாள். கோதையும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன். அது எனக்காக வந்ததில்லை என்பதும் உறைத்தது. ஒரு மணி நேரம் தெருவில் நின்றேன்.

பெட்டியோடு வந்து பின்னால் உட்கார்ந்தாள்.

"ஆறுதானா?" என்றேன்.

"ஆறு" என்றாள். "வலது கால் இடதைவிடக் கொஞ்சம் பெரிசாம். எனக்கே தெரியல."

வண்டியை எடுத்தேன். சாஸ்திரி ரோடு சிக்னலில் நிற்கும்போது தோளில் கை வைத்தாள். மேடு பள்ளத்துக்காக இருக்கலாம்.

ஜனவரி 18, ஞாயிறு

3 கி.மீ. கோதையோடு. ஐந்து நிமிடம் நடை, இரண்டு நிமிடம் ஓட்டம். கைக்கடிகாரத்தை அவள் கட்டிக்கொண்டாள். நிறுத்துங்க என்றால் நிறுத்தினேன். கரும்புச் சக்கை தெருவெல்லாம் கிடக்கிறது, பார்த்து வாங்க என்றாள். சரி என்றேன்.

வலி இல்லையாம். நகம் கால்வாசி முளைத்துவிட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு

இனி நிற்காமல் ஓடலாம் என்று டாக்டர் வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டார்.

இன்று கோதை எனக்கு முன்னாலேயே எழுந்துவிட்டாள். நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் வாசல் கோலத்தைப் போட்டு முடித்து, படியில் உட்கார்ந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க மெதுவா வாங்க" என்றாள். நான் என் ஷூவைத் தேடி எடுத்து, இடது காலை மாட்டி, வலது காலை மாட்டுவதற்குள் கேட் சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். தெருவில் முதல் பத்தடி யோசித்து யோசித்து வைத்தாள். பிறகு தோளை ஒரு தடவை குலுக்கிவிட்டு ஓட ஆரம்பித்தாள். பால் வண்டிக்காரர் ஒதுங்கி வழி விட்டார். கோடி வீட்டுப் பெண்மணி வாளியோடு நின்று பார்த்தார். கால் தரையில் படுவதே தெரியவில்லை; சேவியர் சார் அன்று சொன்னது சரிதான்.

அந்தப் பொறாமை எனக்குள் இருக்கிறது. இன்றும் இருக்கிறது. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள். இத்தனைக்கும் பிறகும் நின்று திரும்பிப் பார்த்திருப்பாள், என்னங்க என்று கேட்டிருப்பாள். வாய் வரை பெயர் வந்தது.

அவள் தெருமுனை திரும்புகிற வரை கூப்பிடவில்லை.